கூட்ட அறை வாசலில் நின்றுபோன கால்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில், ஜொகூரில் எங்கள் வட்டார நகராண்மை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இது நடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரசாங்கக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு தடுமாறும், மலாய் வார்த்தை மறந்துபோகும் என்றெல்லாம் பயந்தேனே தவிர, கால் வராமல் வாசலிலேயே நின்றுபோவேன் என்று நினைக்கவே இல்லை.

நான் கூலாய் பக்கம் ஒரு தாமானில், அதாவது ஒரு வீட்டுக் குடியிருப்பில், வசிப்பவள். செனாய் அருகே ஒரு மின்னியல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பத்து வருடம் லைன் லீடர். என் லைனில் வேலை செய்த பெண்கள் எனக்கு முன்னால் கொஞ்சம் அடக்கமாகத்தான் இருப்பார்கள். அவ்வளவு கறார். ஐம்பத்து மூன்று வயதில் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. காப்பி அதிகமாகக் குடிக்கிறோம் போல என்று காப்பியைக் குறைத்துப் பார்த்தேன். பிறகு கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பெரிய மருத்துவமனையில் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டேன்.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "மருந்து போட்டா சரியாயிடுமா?" என்பதுதான். மருந்து கேட்கும். ஆனால் முழுதாகக் கேட்காது. மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உடம்பின் விறைப்பு இளகும். பித்தான் மாட்டலாம், வெங்காயம் நறுக்கலாம். ஆனால் பதற்றம் என்று ஒன்று வந்துவிட்டால் போதும். அடுப்பில் பால் பொங்கும்போது வாசல் மணியும் அடித்தால், மாத்திரையே போடாதவளைப் போலக் கை ஆடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நாத்தனார் மகன் கல்யாணத்தில் நன்றி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் கை நடுங்கக் கூடாதே என்று, யாரிடமும் கேட்காமல் கூட ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். நடுக்கம் நிற்கவில்லை. வயிற்றைப் புரட்டியது. கொஞ்ச நேரத்தில் கழுத்தும் தோளும் என் சொல்பேச்சு கேட்காமல் நெளிய ஆரம்பித்தன. விருந்து முடியும்வரை காரில் பின் சீட்டில் படுத்துக்கிடந்தேன். பட்டுப்புடவையோடு.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். திட்டவில்லை.

"மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் பாத்துக்கும்மா. டென்ஷன்ல வர்ற நடுக்கத்த அது முழுசா நிறுத்தாது. அதுக்காக நீங்களா கூட ஒண்ணு போடாதீங்க. நேரத்த மாத்தணும்னா எங்கிட்ட கேட்டு மாத்துங்க" என்றார். மாத்திரையை எதோடு சாப்பிடுகிறேன் என்று கேட்டார். முட்டை, பால் என்று வயிறு நிறையப் பசியாறிவிட்டுத்தான் போடுகிறேன் என்றேன். அந்த மாதிரிச் சாப்பாடு மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், முன்னாலேயே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடுங்கள் என்றார். பதற்றம் வந்தால் கையை இறுக்கிப் பிடித்து மறைக்கப் பார்க்காமல் மூச்சை மெதுவாக விடச் சொன்னார். "மறைக்க மறைக்கத்தான் அது அதிகமாகும்" என்றார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் மறைக்கிற ஆள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாமானுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் ஒரு சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எண்ணெய் ஆலைக்குப் போகும் வழி அது. பள்ளி விடுகிற நேரத்திலும் அதே வேகம். ஒரு நாள் என் பக்கத்து வீட்டுப் பெண் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் திரும்பும்போது லாரி ஒன்று அவள் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. இருவரும் சாக்கடையோரம் விழுந்தார்கள். சிராய்ப்போடு போனது. அன்று மாலை அவள் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நடுங்கினாள். நோய் இல்லாத ஒருத்தியின் கை என் கையைவிட அதிகமாக ஆடியதை அன்றுதான் பார்த்தேன்.

தாமான்காரர்கள் சேர்ந்து நகராண்மைக்கு மனு எழுதினோம். வேகத்தடை வேண்டும், கடக்கும் கோடு வேண்டும், பள்ளி விடும் நேரத்தில் லாரிக்குக் கட்டுப்பாடு வேண்டும். எழுதியது நான்தான். தொழிற்சாலைத் தணிக்கைகளுக்கு மலாயில் அறிக்கை எழுதிய பழக்கம். கூட்டத்தில் வந்து விளக்கலாம் என்று கடிதம் வந்தது. வேலை நாள் காலை பத்து மணி. பாதிப் பேர் சிங்கப்பூர் வேலைக்கு விடியும் முன்னே பாலம் தாண்டிவிடுகிறவர்கள். மீதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "நீங்களே பேசுங்கக்கா. உங்க அளவுக்கு யாருக்கும் விவரம் தெரியாது லா."

என் கணவருக்கு விருப்பமில்லை. "கல்யாணத்துல பட்டது போதாதா? அங்க போய் விழுந்து வைக்காத" என்றார்.

"பேசத்தானே கூப்பிடுறாங்க, ஓடவா கூப்பிடுறாங்க" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

டாக்டரம்மாவிடம் கேட்டு நேரத்தைத் திட்டமிட்டேன். ஒன்பது மணிக்கு மாத்திரை. பத்து மணிக்கு உடம்பு நன்றாக இருக்கும். அடுத்தது ஒரு மணிக்கு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு முந்திய விவாதம் நீண்டுகொண்டே போனது. பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. மனமில்லாமலே கூட வந்திருந்த கணவரோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையின் பலம் இறங்குவது எனக்குத் தெரியும். முதலில் வலது கால் விரல்கள் மடங்கும், பிறகு முகம் கல்லாகும்.

அந்த எரிச்சலில் இன்னொரு காரியமும் செய்தேன். ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், நடையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் காலடியில் ஈரம். "இப்படி ஈரமா விட்டா நான் விழுந்துடுவேன், கண் தெரியலையா?" என்று மலாயில் கடுமையாகச் சொன்னேன். பழைய லைன் லீடர் குரல். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காய்ந்த துணியை எடுத்துவந்து மண்டியிட்டுத் துடைத்தார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணி ஆனபோது கைப்பையில் இருந்த மாத்திரை டப்பா என்னைக் கூப்பிட்டது. ஒரு மணி மாத்திரையை இப்போதே போட்டால் என்ன என்று தோன்றியது. டப்பாவைத் திறந்தும் விட்டேன். பின் சீட்டும் பட்டுப்புடவையும் ஞாபகம் வந்தன. மூடி உள்ளே வைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் குமாஸ்தா கதவைத் திறந்து என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். நடந்தேன். கதவு வாசலில் தரையோடு பதித்த உலோகப் பட்டை ஒன்று இருந்தது. அங்கே என் இரண்டு கால்களும் நின்றுவிட்டன.

அனுபவிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேல் உடம்பு முன்னால் போகிறது. பாதம் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல் தரையிலேயே இருக்கிறது. வீட்டில் அதற்கு முன் ஓரிரு முறை வந்திருந்தது, சில விநாடிகளில் போய்விடும். இங்கே போகவில்லை. உள்ளே நீள மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா இரண்டாம் முறை என் பெயரைச் சொன்னார். பார்க்கப் பார்க்கக் கால் இன்னும் இறுகியது. என் கணவர் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். நான் முன்பக்கம் சாய்ந்தேனே தவிர, கால் அசையவில்லை.

"இழுக்காதீங்க, விழுந்துடுவாங்க" என்று பின்னால் ஒரு குரல் மலாயில் கேட்டது. தரை துடைத்த அந்தப் பெண்மணி. ஓடிவந்து, கையிலிருந்த துடைப்பானின் கம்பை என் பாதங்களுக்கு முன்னால் குறுக்காகத் தரையில் வைத்தார்.

"காக், கதவப் பாக்காதீங்க. ஆளுங்களப் பாக்காதீங்க. இந்தக் கம்ப மட்டும் பாத்து, அதத் தாண்டுங்க" என்றார். காக் என்றால் அவர்கள் மொழியில் அக்கா.

கம்பைப் பார்த்தேன். மூச்சை விட்டேன். வலது கால் எழும்பியது. நம்ப முடியவில்லை, எழும்பியேவிட்டது! கம்பைத் தாண்டியதும் இடது காலும் வந்தது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. நாற்காலிவரை நானே நடந்துபோனேன்.

உட்கார்ந்து காகிதத்தை எடுத்தால் அது ஒலிவாங்கியில் பட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது. தலைமை தாங்கிய அதிகாரி நல்ல மனிதர். "பயப்படாதீங்க புவான், மெதுவா பேசுங்க" என்றார். மலாயில் புவான் என்றால் அம்மா, துவான் என்றால் ஐயா.

பழைய நானாக இருந்தால் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு சிரித்திருப்பேன். அன்று ஏனோ முடியவில்லை. காகிதத்தைக் கீழே வைத்தேன். கையை எல்லாரும் பார்க்கும்படி மேசைமேலேயே வைத்தேன்.

"பயம் இல்லை துவான். எனக்குப் பார்க்கின்சன் நோய். மருந்து சாப்பிடுகிறேன். காத்திருந்ததில் நேரம் கடந்துவிட்டது, அதனால் கை ஆடும், குரல் சின்னதாக வரும். நான் சொல்ல வந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றேன்.

சொன்னதும் ஓர் ஆச்சரியம். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் குறைந்தது. மறைக்கிற வேலை ஒன்று இல்லாமல் போனதும் மீதித் தெம்பெல்லாம் பேச்சுக்கு வந்தது. ஓர் உறுப்பினர் எழுந்துவந்து ஒலிவாங்கியை என் வாயருகே நகர்த்திவைத்தார். பள்ளி விடுகிற நேரம், லாரி வருகிற நேரம், வளைவில் மரம் மறைக்கிற இடம் என்று காகிதம் இல்லாமலே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் விழுந்ததைச் சொன்னேன். கடைசியில், "உங்களில் ஒருவர் ஒரே ஒரு நாள் பள்ளி விடும்போது என் பக்கத்தில் வந்து நில்லுங்கள், அது போதும்" என்றேன். சாலைப் பிரிவுப் பொறியாளர், "நான் வர்றேன்" என்றார்.

வெளியே வந்தபோது சரியாக ஒரு மணி. மாத்திரையை எடுத்தேன். அந்தப் பெண்மணி கேட்காமலே ஒரு கோப்பையில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல காக். என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். ஏழு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். மருந்து நேரம் தள்ளிப்போனா அவரும் இப்படித்தான் கோபப்படுவார். வீட்டு வாசல்ல தினமும் என் கால நீட்டி வைப்பேன், அதத் தாண்டித்தான் உள்ளே வருவார்" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர்தான் அவரிடம் நின்று, கம்பை எப்படி வைக்க வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்தப் பேச்சுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. மூன்றாம் நாள்தான் சமையலறைக்கு வந்தேன்.

பொறியாளர் சொன்னபடி வந்தார். வெயிலில் என் பக்கத்தில் நின்று லாரிகள் போவதைப் பார்த்தார். ஒன்று எங்களை ஒட்டிப் போனபோது அவர் தொப்பியே பறந்தது. சில மாதம் கழித்து இரண்டு வேகத்தடைகளும் வெள்ளைக் கோடுகளும் வந்தன. லாரிகளின் நேரத்தை மாற்றும் கோரிக்கை இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருக்கிறது. அதற்கும் நான்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போது கணினியில், ஒரு விரலால்.

கோடு போட்ட அன்று பக்கத்து வீட்டுப் பெண் தாமான் வாட்சப் குழுவில் படம் போட்டு, "எங்க அக்கா வாங்கிக்கொடுத்தது" என்று எழுதியிருந்தாள். என் கணவர் அதை எனக்குத் தெரியாமல் தன் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். நாத்தனார் போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கேட்டால், "பொண்டாட்டி பெருமைய நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போதும் யாராவது மருந்து கேட்கிறதா என்று கேட்டால், கேட்கிறது என்றுதான் சொல்கிறேன். ஆனால் மருந்து பாதி நோயைத்தான் பார்த்துக்கொள்கிறது, மீதிப் பாதி நான் அதை ஒளித்துவைத்த வெட்கம்தான் என்று அன்று தெரிந்துகொண்டதால், ஆடுகிற கையோடு நாலு பேர் முன்னால் போய் உட்கார இன்றும் நான் தயங்குவதில்லை.