ஹெட்டில் விழுந்த கீறல்

எனக்கும் என் கொழுந்தனுக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு ஆயில் என்ஜின். வரப்புத் தகராறில் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீருக்கு அவனுக்கு இரண்டு நாள், எனக்கு இரண்டு நாள் என்று முறை. யார் முறையில் என்ஜின் கெடுகிறதோ அவர்கள்தான் சரி பண்ண வேண்டும். எங்கள் கமுதிப் பக்கத்தில் இந்த ஏற்பாடு புதிதில்லை.

மார்கழிக் கடைசி. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். என் முறையின் முதல் நாள் சாயங்காலம், என்ஜின் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. சிலிண்டரை மூடும் ஹெட்டுக்கு அடியில், கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் தகடு போயிருந்தது. வீட்டுக்காரர் சவூதியில். மெக்கானிக்கோ பொங்கல் முடிந்துதான் வருவேன் என்றான். அதுவரை செடி தாங்காது. வீட்டுக்காரர் பிரித்து மாட்டும்போதெல்லாம் கூடவே நின்றவள் நான். புதுக் கேஸ்கெட்டும் வீட்டில் இருந்தது. மறுநாள் காலையில் நானே இறங்கிவிட்டேன். ஹெட்டைத் தூக்க மட்டும் கொழுந்தன் வந்தான். அதுவும் எனக்காக இல்லை, அடுத்த முறை அவனுடையது.

பழைய கேஸ்கெட் கருகி இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. அவன் ஹெட்டைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி தன் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"மதினிட்ட சொல்லு. டீசலை ஊத்தி நல்லா ஊற விட்டு, மூங்கில் சில்ல வச்சுச் சொரண்டணும். இரும்பு படக் கூடாது. கீறல் விழுந்தா புதுசு நிக்காது."

எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரரும் மூங்கில் சில்லால்தான் சுரண்டுவார். நானும் ஒன்றைச் சீவித்தான் வைத்திருந்தேன். அவன் வாயால் அதைக் கேட்டதும் தூர எறிந்துவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். டீசல் ஊறும்வரை காத்திருக்கவும் இல்லை. வரப்பில் ஒரு முழம் தின்றவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று நினைக்க நினைக்கக் கை அழுத்தியது. ஒரு இடத்தில் திருப்புளி சறுக்கியது.

துடைத்துப் பார்த்தேன். சிலிண்டர் வாயில் உட்காரும் இடத்துக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே மெல்லிய கோடு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நகத்தை ஓட்டினால் தட்டியது. நகம் தட்டினால் லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பண்ண வேண்டும். ஒரு நாள் வேலைதான். ஆனால் அதை அவனிடம் அல்லவா சொல்ல வேண்டும்? கீறலைச் சொல்லாமலே புதுக் கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை மாட்டிவிட்டேன். நாளை முதல் அவன் முறை, அதில் போனால் அவன் பாடு. அப்படித்தான் நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் முறை இரண்டு நாளும் என்ஜின் சத்தம் மாறாமல் ஓடியது. அவன் பாத்திகள் நிறைவதைப் பார்க்க வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் காலை நான் ஓட்டினேன். இரண்டு பாத்தி நனைவதற்குள் அதே வெள்ளைப் புகை. என்ஜின் நின்றுவிட்டது.

மறுபடியும் ஹெட்டை அவன்தான் தூக்கினான். குனிந்து நகத்தை ஓட்டினான். தட்டிய இடத்தில் விரலை வைத்தபடியே, ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இது அன்னைக்கே தெரியுமா மதினி?"

நான் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். "தெரியாதுன்னு சொல்லு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா பைக்ல வச்சுக் கொண்டுபோயிருப்பேன்ல" என்றான். அவ்வளவுதான், சண்டைக்கு வரவில்லை.

பட்டறைக்காரர் முந்தின நாள்தான் பொங்கலுக்குப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் என் வயலில் பூ முழுக்கக் கொட்டிவிட்டது. இரண்டு நாள் பாய்ந்த தண்ணீரில் அவன் செடி ஓரளவு தேறியது. செடி எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். உங்கள் தம்பி திருப்புளியால் சுரண்டி ஹெட்டைக் கெடுத்துவிட்டான் என்றேன். அவர் நம்பினார். அன்றே தம்பியைப் போனில் திட்டியவர், அதோடு அவரும் பேச்சை விட்டுவிட்டார்.

கொழுந்தன் இதுவரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்காகவே அவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.