களிம்பும் கபடியும்

என் மகளுக்குச் சொரியாசிஸ் என்று நாகர்கோவில் தோல் டாக்டர் சொன்ன பிறகு, எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். கத்திரிக்காய் ஆகாது என்றார் ஒருவர். மீனை நிறுத்து என்றார் இன்னொருவர். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தேய்த்தால் போயே போய்விடும் என்றார் என் அண்ணன் மனைவி. அதையும் செய்தேன். எண்ணெய் ஊதாவாயிற்று, பள்ளிச் சீருடையும் ஊதாவாயிற்று, முழங்காலில் இருந்த தடிப்பு மட்டும் அசையவில்லை. மீன் தின்னலாம் என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வீடெல்லாம் சாளைக் குழம்பு மணக்க, பதினைந்து வயதுக்காரி ரசத்தைப் பிசைந்துகொண்டு என்னை முறைப்பாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது வேறு. இரண்டு வேளையும் களிம்பு போட வேண்டும், தோலில் காயம் படக்கூடாது, பட்டால் அந்த இடத்திலும் தடிப்பு கிளம்பும். இவளோ கபடி ஆடுகிறவள். விழாமல் ஆட அது என்ன கேரம் போர்டா? நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான் இறங்கி வந்தேன்.

தக்கலையில் நடந்த போட்டிக்கு நானும் போனேன். பாடிக்கொண்டு போனாள், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் அப்படியே. கை வலிக்கத் தட்டினேன். திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே அண்ணன் மனைவிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் களிம்பை எடுத்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஜெயிச்சிட்டு வந்து ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

"ஜெயிச்சேனா? என் காலப் பாத்ததும் விலகி விலகி ஓடுதாளுவம்மா. ஒருத்திகூட என்னத் தொடல்ல."

இது ஒட்டாது, ஒட்டாது என்று பள்ளியிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. மைதானத்தில் இறங்கி எதிரணிப் பிள்ளைகளிடமும் நானே சொல்ல முடியுமா?

அடுத்த போட்டிக்கு நான் போகவில்லை. பார்க்கிற தெம்பு இல்லை. சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலில் தோல் பிய்ந்து, செதிலும் மண்ணும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்தன.

"தோத்துட்டோம்மா," என்றாள், பல்லெல்லாம் தெரிய. "குளச்சல்காரி ஒருத்தி ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சு குப்புறத் தள்ளிட்டா. எத்தன உதறியும் விடல்ல."

மாதக்கணக்கில் போட்ட களிம்பு அத்தனையும் வீண். இன்னும் சில நாளில் அங்கே புதுத் தடிப்பு வரும், மறுபடியும் நாகர்கோவிலுக்கு ஓட வேண்டும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலைக் கழுவிவிட்டேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் அந்தக் குளச்சல்காரியின் பிடியைப் பற்றிப் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். திட்டுவதற்கு இடமே தரவில்லை.

அன்று சாளைக் குழம்பை முதலில் அவள் தட்டில்தான் ஊற்றினேன்.