எட்டு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா, ஏழுமலை ஜீப்பா?

போன மாதம் என் ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கவில்லை என்று பாஷா பாய் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் இருக்கிறது. அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. ஓர் அமெரிக்கக் காருக்கு என்ன இன்ஜின் வைப்பது என்று!

கார் எங்கே என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். காணவில்லை. எப்படித் தெரியும்? அது கள்ளக்குறிச்சியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. அமெரிக்காவிலேயே இன்னும் இல்லை. இனிமேல்தான் வரப்போகிறதாம். எப்போது என்று கம்பெனி சொல்லவில்லை. என்ன விலை என்று சொல்லவில்லை. வருமா என்றுகூட வாய் திறக்கவில்லை. அதற்குள் இவர்கள் இன்ஜின் வரைக்கும் போய்விட்டார்கள்.

தொடங்கி வைத்தவன் என் அக்கா மகன் கதிர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவுக்கு வந்தால் நாள் முழுக்க போனில் கார் வீடியோ. சொந்தமாக அவனிடம் இருப்பது ஒரு பழைய பைக். அதுவும் பாதி நாள் பாஷா பாயிடம்தான் கிடக்கும்.

“இது சாதாரண கார் இல்ல மாமா, மசில் கார்” என்றான்.

“அப்படின்னா?”

“முன்னாடி நீளமா மூக்கு. அதுக்குள்ள பெரிய இன்ஜின். ஸ்டார்ட் பண்ணா தெருவே அதிரும். இதுவரைக்கும் எட்டு சிலிண்டர். அடுத்த மாடலுக்கு ஆறு போதும்னு ஒருத்தன் சொல்றான். ஒருத்தன் எலக்ட்ரிக்குங்கறான். இன்னொருத்தன் பாதி பெட்ரோல், பாதி கரண்ட்டுங்கறான்.”

“கம்பெனி என்ன சொல்லுது?”

“கம்பெனி மட்டும் ஒண்ணும் சொல்லல.”

போனை வாங்கி நானும் படித்துப் பார்த்தேன். ஒரு கட்டுரை எட்டுதான் என்று அடித்துச் சொன்னது. அடுத்தது ஆறுதான் என்றது. மூன்றாவது, எட்டாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம் என்றது. இதைச் சொல்ல இரண்டு பக்கம்! நானும் பத்தி எழுதுகிறவன்தான். ஒன்றும் தெரியாமல் பக்கத்தை நிரப்பும் வித்தை எனக்கும் கைவந்ததுதான். ஆனாலும் இவ்வளவு துணிச்சல் எனக்கு வராது.

“எட்டு சிலிண்டர்னா பெட்ரோல் பங்க்கையே குடிச்சிடும். ஆறு போடச் சொல்லு” என்றார் பாஷா பாய். ஏதோ கம்பெனிக்காரன் கதிரின் போனில் லைனில் காத்திருப்பது மாதிரி.

“ஆறு போட்டா அந்த சத்தம் வருமா பாய்? பேரை மட்டும் வச்சுக்கினு உள்ள வேற இன்ஜினப் போட்டா, அது அதே காரா?” என்று கதிர் கொதித்தான்.

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பாஷா பாய் பதில் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்போது பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் சார்... கம்பெனிக்காரனுக்கே இன்னா இஞ்சின் போடறதுன்னு தெரியலையா?”

“தெரியலையாம்” என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அவர் பெயர் ஏழுமலை. மலையடிவாரத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். கல்வராயன் மலைப் பாதையில் சரிவுக்குச் சரிவு சின்னச் சின்ன ஊர்கள். பஸ்ஸை விட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஜீப்தான். ஏழுமலையின் ஜீப், புகையாகக் கக்கிக் கக்கி ஒரு நாள் வளைவில் நின்றேவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்து பாஷா பாயிடம் போட்டிருந்தார். சேலத்திலிருந்து இதே மாதிரிப் பெரிய இன்ஜின் ஒன்றைக் கொண்டுவரலாம், இல்லையென்றால் டீசல் கம்மியாகக் குடிக்கிற சின்ன இன்ஜினுக்கு மாறலாம் என்று பாஷா பாய் சொல்லியிருந்தார். எதை என்று இவரால் முடிவெடுக்க முடியவில்லை.

ஜீப் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். தப்பான இன்ஜினைப் போட்டு அது மலை ஏறாமல் முரண்டு பிடித்தால், ஆட்கள் வேறு ஜீப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவார்களா? அந்தப் பயம் அவருக்கு.

“எட்டா, ஆறா? நீங்க பேப்பர்ல எழுதறவரு. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க சார்” என்றார் பாஷா பாய்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. மழை வருமா, பெண்ணை எந்த காலேஜில் சேர்ப்பது, மூட்டு வலிக்கு எந்தத் தைலம்... எல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றால் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேட்பார்கள். வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“உலகம் பூரா இனிமே சின்ன இன்ஜின்தான். சின்னதா இருந்தாலும் சக்திக்குக் குறைச்சல் இருக்காது.”

நான் சொன்னது அமெரிக்காக்காரனுக்கு. எழுந்து நின்றவர் ஏழுமலை.

“அப்ப சின்னதே போட்டுடு பாய்!”

ஐயோ, நான் உங்களுக்குச் சொல்லவில்லை என்று வாயெடுத்தேன். அதற்குள் பாஷா பாய் பானெட்டைத் தூக்கிவிட்டார். நிஜத்தைச் சொன்னால், நான் எந்த வண்டிக்குச் சொன்னேன் என்பதில் எனக்கே அப்போது குழப்பம் வந்துவிட்டது. பழைய இன்ஜினையும் சைலன்சரையும் எக்ஸ்சேஞ்சில் பாஷா பாயே எடுத்துக்கொண்டார். “இது செத்துப்போச்சு ஏழுமலை. எடைக்குத்தான் போவும்” என்றார்.

சேலத்திலிருந்து சின்ன இன்ஜின் வந்து சேர, மாட்ட, பேப்பர் வேலைகள் முடிய என்று நாள் ஓடிவிட்டது. வெள்ளிமலையில் சந்தை கூடுகிற ஒரு நாள் காலையில் ஏழுமலை என் வீட்டு வாசலில் ஜீப்போடு நின்றார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது.

“நீங்க சொன்ன இஞ்சினு. நீங்கதான் சார் மொதல்ல குந்தணும்.”

மறுக்க முடியுமா? ஏறி உட்கார்ந்தேன். மலை ஏறாமல் நின்றுவிட்டால் தள்ளுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஏறியது! சத்தமே இல்லை. முன்பெல்லாம் ஏழுமலை ஜீப்பில் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இப்போது அவர் பெருமூச்சு விடுவதுகூடக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

முதல் ஊர் வந்தது. சாலையோரத்தில் ஒருவரும் இல்லை.

“சந்தை நாளாச்சே... இங்க எப்பவும் நாலஞ்சு பேராச்சும் ஏறுவாங்களே” என்றார் ஏழுமலை. சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார். மேலே சரிவில் வீடுகளில் புகை தெரிந்தது. ஆள் வரவில்லை.

அடுத்த ஊர். அங்கேயும் யாரும் இல்லை.

“ஹாரன் அடிங்களேன்” என்றேன்.

“ஹாரனுக்கு யாரும் வர மாட்டாங்க சார். வளைவுக்கு வளைவு பஸ்ஸு, லாரி, எல்லாந்தான் அடிக்குது. என் வண்டி சத்தம் கீழ வர்றப்பவே மேல கேக்கும். கேட்டதும் மூட்டையத் தூக்கிக்கினு எறங்கி வந்துடுவாங்க...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தச் சத்தத்தைத்தானே நான் போகச் சொல்லிவிட்டேன்?

அடுத்த ஊரில் ஒருவர் சாலையோரத்தில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை நிறுத்தியதும், தலையைத் தூக்காமலே சொன்னார்.

“ஆளு யாரும் இல்லப்பா. எல்லாரும் இப்பத்தான் ஏழுமல வண்டில ஏறிப் போனாங்க.”

“யோவ், நான்தான்யா ஏழுமல!”

ஆட்டுக்காரர் நிமிர்ந்தார். ஏழுமலையைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். மேலே போகும் பாதையைப் பார்த்தார்.

“நீ இங்க இருக்க... அப்ப மேல போறது?”

அந்த நேரம் பார்த்து மேல் வளைவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. படபடவென்று போய், நடுவில் ஒரு விக்கல், மறுபடி படபட. ஏழுமலை ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“சார்... என் வண்டி சார் அது! என் வண்டி மேல போய்க்கினு இருக்குது சார்!”

தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டே ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இரண்டு வளைவு தாண்டி சிக்னல் கிடைத்தது. ஏழுமலை பாஷா பாய்க்குப் போன் போட்டார்.

“என் பழைய இஞ்சின இன்னா பாய் பண்ண?”

“கோவிந்தன் ஜீப்புல மாட்டிட்டேன். சைலன்சரோட.”

“செத்துப்போச்சுன்னு சொன்னியே!”

“செத்ததுதான். பிரிச்சுப் பாத்தேன், பொழச்சுக்கிச்சு. நான் இன்னா பண்ணட்டும்?”

கோவிந்தன் அதே பாதையில் ஜீப் ஓட்டுகிற இன்னொருவர். சாதுவான ஆள். ஆனால் ஏழுமலை அதன் பிறகு ஓட்டிய வேகத்தைப் பார்த்தால், வெள்ளிமலையில் சட்டைக் கிழிசல் இல்லாமல் விஷயம் முடியாது என்று தோன்றியது. எனக்கோ யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை. இன்ஜினை விற்றவர் இவர். வாங்கியவர் அவர். சத்தத்தை யார் விற்றார்கள்? யார் வாங்கினார்கள்?

வெள்ளிமலை ஸ்டாண்டில் கோவிந்தனின் ஜீப் நின்றிருந்தது. அதிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாமை மூட்டை, புளி மூட்டை, கோழி. ஏழுமலை பாய்ந்து இறங்கினார். கோவிந்தன் சட்டைக் காலரில் கை வைக்கப் போன நேரத்தில், புளி மூட்டையோடு இறங்கிய ஓர் அம்மாள் அவரைப் பார்த்துவிட்டார்.

“ஏ ஏழுமல! எழுந்து நடமாடறியா? ஒடம்பு தேவலையா?”

அவர் பெயர் பச்சையம்மாள். ஏழுமலை ஜீப்பில் வருஷக்கணக்காகச் சந்தைக்கு வருகிறவர்.

ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை. “எனக்கு இன்னாக்கா ஒடம்புக்கு?”

“உன் வண்டிய இந்தக் கோயிந்தன் ஓட்டிக்கினு வந்தான். பெயிண்ட்டு கூட வேற. சரி, உனக்கு ஒடம்பு முடியல, ஆள் வச்சு ஓட்டறன்னு நெனச்சேன். சத்தம் உன் வண்டி சத்தமாச்சே!” பச்சையம்மாள் மூட்டையைக் கீழே இறக்கினார். “முன்னாடியே பஸ்ஸு வந்துச்சு. நாங்க யாரும் ஏறல. படுத்துக் கெடக்கறவன் வண்டிய உட்டுட்டு வேற வண்டில ஏறினா, அவன் பொழப்பு இன்னா ஆவும்னு இவளுங்ககிட்டயும் சொல்லிட்டேன். அத்தினி பேரும் நின்னு நின்னு இதுலதான் வந்தோம்.”

பின்னால் நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஏழுமலையின் கை அப்படியே இறங்கியது. திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று பஸ்ஸை விட்டுவிட்டு இத்தனை பேர் காத்து நின்றிருக்கிறார்கள். அந்த அன்பு முழுக்க வேறொருத்தர் ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறது!

கோவிந்தன்தான் அதிகம் குழம்பியிருந்தார். “திடீர்னு எல்லாரும் எப்படி நம்ம வண்டில ஏறுறாங்கன்னு நானே முழிச்சுக்கினு இருந்தேன்ணா. ஒரு ஆயா, ஏழுமலைகிட்ட குடுன்னு கசாயத்துக்கு வேர் வேற குடுத்தனுப்பிச்சு. எதுக்குன்னு தெரியாம வாங்கி வச்சிருக்கேன்” என்று சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். இந்த ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

சாயங்காலம் சந்தை முடிந்தது. இரண்டு ஜீப்பும் பக்கத்தில் பக்கத்தில், இன்ஜின் அணைந்து நின்றன. ஊர்க்காரர்கள் நடுவில் நின்று இதையும் அதையும் பார்த்தார்கள். ஏழுமலை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பச்சையம்மாள் வந்து எங்கள் ஜீப்பில் காலை வைத்தார்.

“ஏறிக்கறோம். ஆனா ஒண்ணு. வண்டி சத்தம் போடலன்னா நீ போடு. வாய மூடிக்கினு வந்தா, வந்தது நீன்னு மேல இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?”

பாதிப் பேர் அவர் பின்னால் ஏறினார்கள். மீதிப் பேர் கோவிந்தன் ஜீப்பில் ஏறினார்கள். பாவம், அவருக்கும் பிழைப்பு வேண்டாமா?

திரும்பும் வழியில் முதல் ஊர். ஏழுமலை வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். அப்புறம் தலையை வெளியே நீட்டி, சரிவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

“ஏழுமல வந்திருக்கேன்... ஏழுமல...!”

பிறகு மேலே எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

“ஒடம்பு நல்லாயிடுச்சாப்பா?”

“ஆயிடுச்சு... எறங்கி வாங்க...!”

கீழே வந்து சேரும் வரை ஒவ்வோர் ஊரிலும் இதே விசாரிப்பு. புது இன்ஜின் எப்படி என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.