சின்னக்குழந்தை உடைத்த ஊற்று

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாதம், மலைமேல் இருந்த கடுக்காமேட்டில் பதினான்கு வீட்டுக்கும் ஒரே ஓர் ஊற்றுக்குழிதான் மிஞ்சியிருந்தது. ஊருக்கு வடக்கே, கரும்பாறையின் அடியில், ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலம், முழங்கை ஆழம். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே வேர்வை போலக் கசியும் நீர் அதில் வந்து தேங்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். நல்ல வருஷங்களில் குழி வழிந்து, கீழே சாமைக்கொல்லை வரைக்கும் ஈரம் ஓடும். போன ஐப்பசியில் மழை வராமல் போனதிலிருந்து, ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று. விடியும் முன்பே பெண்கள் வந்து குந்தினால், கடைசிக் குடம் நிறையும்போது பொழுது சாய்ந்துவிடும்.

சின்னக்குழந்தைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் வைத்த பெயர், வளர்ந்த பிறகும் மாறவில்லை. எழுபத்து நான்கில் சாமை கருகிப் போனபோது அவளும் புருஷன் தங்கவேலும் மலையை விட்டு இறங்கினார்கள். சந்தவாசல் பக்கம் கிணறு தூர்வாரி ஆழப்படுத்தும் வேலை கிடைத்தது. முதலில் மேலே நின்று மண்கூடையை இழுத்தாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, தானே கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கிக் கடப்பாரையை எடுத்தாள். சிரித்தவர்கள் இரண்டு மாதத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். கிணற்றுக்காரர்கள் ஆள் கேட்டு வரும்போது, அந்த மலைக்காரப் பெண் வருகிறாளா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எண்பத்து ஒன்றில் தங்கவேல் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. கடப்பாரையைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் அருணகிரியின் வீட்டுக்கு ஏறி வந்தாள். அருணகிரி ஐந்தாவது படித்தவன். ஊருக்கு வரும் அரசாங்கக் கடுதாசியெல்லாம் அவன்தான் படித்துச் சொல்வான். சந்தவாசலைச் சுற்றித் தங்கச்சி இறங்காத கிணறே இல்லையென்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லுவான். அவள் இறங்கியது பதினொரு கிணறு. எண்ணிக்கை அவனுக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில் அவள் அண்ணி மாணிக்கம்மாள், ஏழு மாத வயிற்றோடு ஊற்றுக்குழியில் குந்தியிருந்தாள். எழுந்திருக்க முடியாமல் பாறையைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள். சின்னக்குழந்தை ஓடிப்போய்த் தாங்கினாள். அன்று சாயங்காலமே ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். கீழ்நாட்டில் தண்ணீர் இறங்கினால் கிணற்றையும் இறக்குவார்கள், குழியை ஒன்றரை முழம் இறக்கினால் இரண்டு பங்கு தண்ணீர் ஊறும், தன்னால் ஒரே நாளில் முடியும் என்றாள்.

கவுண்டர் தாடியைச் சொறிந்தார். பாட்டன் பூட்டன் கைவைக்காத குழி என்று அவர் மனைவி திரௌபதி உள்ளேயிருந்து சொன்னாள். அருணகிரி முன்னால் வந்து, தங்கச்சி கைப்பட்டால் தண்ணீர் வராமல் போகாது, அதற்கு நான் ஆச்சு என்றான். ஊர் கூடி ஒப்புக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் கடப்பாரையைப் போட்டாள். குழியின் அடி கறுப்புக் களிமண். ஒரு சாண் கனத்துக்குப் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. கீழ்நாட்டுக் கிணறுகளில் இப்படிக் களிமண் வந்தால் அதன் அடியில் சரளை இருக்கும், சரளையில் தண்ணீர் இருக்கும். அந்த நினைப்பிலேயே குத்தினாள். களிமண் விண்டு, சரளை தெரிந்தது. அவள் முகம் மலர்ந்தது. சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குழியில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, சரளைக்குள் இறங்கி மறைந்தது. மேலேயிருந்து கசிந்து வந்ததும் அதன் பின்னாலேயே இறங்கியது. மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார்கள். குழி காய்ந்துபோயிற்று.

கூட்டம் கலையும்போது திரௌபதி மட்டும் நின்றாள்.

"கீய போயி ஏழு வருசம் இன்னாடி கத்துக்கினு வந்த? குடிக்கற கலயத்த ஒடைக்கவா?"

சின்னக்குழந்தை கடப்பாரையைச் சாக்கில் சுற்றினாள்.

மறுநாளிலிருந்து தண்ணீருக்குக் கீழே கானாற்று மடுவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. இறக்கம் இரண்டரை மைல், ஏற்றம் இரண்டரை மைல். ஒரு குடம் வீடு வந்து சேர அரைநாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஒற்றையடிப் பாதையில் அவள் எதிரே வந்தால், தண்ணீர் சிந்திவிடும் என்பதுபோல ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மலையில் ஆண்பிள்ளைகள் தண்ணீர் சுமப்பதில்லை. அருணகிரி ஒரு மூங்கில் கழியை வெட்டி, இரண்டு முனையிலும் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டான். தன் வீட்டுக்கு ஒரு நடை. அடுத்த நடையில், கால் வாதத்தில் கிடந்த கிழவன் அர்ச்சுனன் வீட்டுக் குடத்தை நிரப்பி வைத்தான். கேலி செய்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

அவள் இரண்டு நாள் குழியிலேயே கிடந்தாள். குப்புறப் படுத்து, உடைந்த வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். விரலுக்குச் சரளை தட்டியது. சரளைக்கு நடுவே சந்து சந்தாக வெற்றிடம். பாறையில் காதை வைத்துக் கேட்டாள். பக்கவாட்டில் கையை வைத்தால் ஈரம் ஒட்டியது. இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு விளங்கிவிட்டது. கீழ்நாட்டில் தண்ணீர் அடியில் இருக்கிறது, தேடி இறங்கவேண்டும். இங்கே தண்ணீர் உச்சியிலிருந்து பாறை வழியாக வருகிறது. அந்தக் கறுப்புக் களிமண் அதை ஏந்தி நின்ற பாத்திரம். கசிவு இன்னும் நிற்கவில்லை. ஏந்தத்தான் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஊத்து சாவல. அடிதான் போச்சி. அடிய திரும்ப வெச்சிட்டா நிக்கும்."

"எதால வெப்ப?"

"புத்து மண்ணு. பாம்பு இல்லாத செத்த புத்தா பாத்து வெட்டணும். நாப்பது கூடை வேணும்."

"வெட்டலாம். அவ்ளோதானே?"

அவ்வளவு இல்லை என்று அவள் மெதுவாகச் சொன்னாள். மண்ணைப் பிசைந்து மிதித்துப் பதப்படுத்தத் தண்ணீர் வேண்டும். வீட்டுக்கு ஒரு குடம், மொத்தம் பதினான்கு. அருணகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வா என்றான்.

புளியமரத்தடியில் ஊர் கூடியது. அவள் நின்றுகொண்டு, தான் செய்த தப்பை முதலிலிருந்து சொன்னாள். எந்த இடத்தில் களிமண்ணைத் தடை என்று நினைத்தாள், எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதெல்லாம் மறைக்காமல் சொன்னாள். பிறகு குடம் கேட்டாள். தண்ணீர் வருவதற்குத் தண்ணீர் கேட்கிறாள் பார் என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிலர் சிரித்தார்கள். இதுவும் பாழாய்ப் போனால் என்ன செய்வாய் என்று கவுண்டர் கேட்டார்.

"நான் மலைய வுட்டு எறங்கிட்றேன் கவுண்டரே. திரும்ப ஏற மாட்டேன்."

அருணகிரியின் தலை குனிந்துவிட்டது. திரௌபதிதான் எழுந்தாள்.

"நீ எறங்கிட்டா எங்க கொடம் ரொம்பிடுமா? போறேன் வர்றேன்ற பேச்செல்லாம் வாணாம். என் வூட்டுக் கொடத்த மொதல்ல எடுத்துக்கோ. ஆனா குடிக்கற தண்ணிய கால்ல போட்டு மிதிக்கறத நான் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு குடமும் பாறையடிக்கு வந்து சேர்ந்தன. ஒன்றிலும் ஒரு விரற்கடை குறைவில்லை. இரண்டரை மைல் ஏற்றத்தில், நாக்கு வறண்டு சுமந்து வந்த தண்ணீர். முதல் குடத்தைச் சின்னக்குழந்தை துளியும் சிந்தாமல் மெல்லச் சாய்த்தாள்.

புற்று மண்ணை இடித்து, சலித்து, ஊற வைத்தாள். அண்ணனும் அவளும் ஒரு பகல் முழுக்க மிதித்தார்கள். உருட்டினால் விரிசல் விடாமல், நீட்டினால் கயிறுபோல வரவேண்டும் என்பது அவள் கணக்கு. இரண்டு முறை அருணகிரி போதும் என்றான். இரண்டு முறையும் அவள் ஓர் உருண்டையை எடுத்து நீட்டிக் காட்டினாள்; அறுந்து விழுந்தது. மூன்றாம் முறை அறவில்லை. சந்துகளில் பொடிக்கல்லைத் திணித்து, மேலே களிமண்ணை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்கினாள். அதன்மேல் இன்னொரு அடுக்கு, பிறகு இன்னொன்று. கசியும் நீர் வேலையைக் கெடுக்காதபடி, உடைந்த வாயில் ஒரு கையகலம் மட்டும் திறந்து விட்டிருந்தாள். எல்லாவற்றையும் முடித்த பிறகு, கடைசியாக அதையும் அடைத்து, உள்ளங்கையால் வழித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் குழியின் அடியில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு தெரிந்தது. ஆறாம் நாள் நான்கு விரல் தண்ணீர் நின்றது.

ஊரே ஓடிவந்தது. சின்னக்குழந்தை குழியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஐந்து நாள் யாரும் தொடக்கூடாது, களிமண் தண்ணீருக்கு அடியில் கிடந்து கல்லோடு சேரவேண்டும், இப்போதே கொட்டாங்குச்சி தட்டினால் பெயர்ந்துவிடும் என்றாள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் இருந்ததையும் இழந்திருந்தார்கள். இப்போது கண்ணெதிரே தண்ணீர் நிற்கிறது. மடுவுக்குப் போய்வந்த பெண்களின் கால்கள் வெடித்திருந்தன.

திரௌபதி குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறக்கத்தைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு அடி போய், மற்றவர்களைப் பார்த்தாள்.

"இன்னா நிக்கறீங்க? அஞ்சு நாளுன்னு சொல்லுச்சில்ல? நடங்க."

ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். சின்னக்குழந்தை பாறையில் சாய்ந்து, மரங்களுக்கு நடுவே குடங்கள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஐந்து நாளும் மடுவுக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில், திரௌபதி ஒரு புளியங்கொம்போடு குழிக்குக் காவல் உட்கார்ந்தாள். ஆடுகளை விரட்டினாள். சொம்பை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்த கவுண்டரையும் விரட்டினாள். சின்னக்குழந்தை காலையும் மாலையும் ஒரு குச்சியைப் பாறையோரமாக மெல்ல இறக்கி, ஈரம் ஏறிய இடத்தில் நகத்தால் கீறி வைத்தாள். ஒவ்வொரு கீறலும் முந்தியதைவிடச் சற்று மேலேயே விழுந்தது.

ஐந்து நாள் முடிந்த மறுநாள் விடியலில் குழி முழங்கை ஆழத்துக்கு நிறைந்திருந்தது. மொள்ளத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை. கொட்டாங்குச்சியைத் திரௌபதி அவள் கையில் திணித்தாள். அடி தொடாமல், மேலாக ஒரு தடவை மொண்டாள். தண்ணீர் லேசாகச் செம்மண் நிறத்தில் இருந்தது. கலங்கல் என்று கீழே கொட்டப் போனாள். திரௌபதி அவள் மணிக்கட்டைப் பிடித்து, கொட்டாங்குச்சியைத் தன் வாய்க்குத் திருப்பி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஊத்து" என்றாள்.

அதற்குப் பிறகு சின்னக்குழந்தை எழுந்திருக்கவில்லை. வந்த குடத்தையெல்லாம் அவளே மொண்டு ஊற்றினாள். வேறு கை பட்டால் அடி பெயர்ந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அது தெரிந்து யாரும் கொட்டாங்குச்சியைக் கேட்கவில்லை. நேற்றுவரை ஒதுங்கி நின்றவர்கள், முறை முடிந்தும் போகாமல் பாறை நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். அருணகிரியின் மூங்கில் கழியைப் பற்றி ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். குனிந்தபடியே சின்னக்குழந்தையும் சிரித்தாள்.

பத்தாவது குடத்தில் அவள் தோள் இற்றுப்போனது. பின்னாலிருந்து மாணிக்கம்மாள் வந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லக் குந்தி, கொட்டாங்குச்சியை வாங்கிக்கொண்டாள்.

"அடி படாம மொள்ள எனக்குந் தெரியும். உங்கண்ணன் உனக்காவ கூழ வெச்சிக்கினு காலையிலருந்து குடிக்காம குந்திகினு கீறாரு. எய்ந்து வூட்டுக்குப் போ."

சின்னக்குழந்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டைப் பார்த்து நடந்தாள்.