குசினிக்குக் கேட்ட சிரிப்பு

எனக்கு நடிக்க வரும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாண வீடோ, காதுகுத்தோ, சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், "அந்த வேலைக்காரியைச் செஞ்சு காட்டுங்களேன்" என்று ஆரம்பிப்பார். நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

நாங்கள் இளவட்டமாக இருந்தபோது டீவியில் ஒரு சிரிப்பு நாடகம் வந்தது. அதில் வருபவள்தான் அந்த வேலைக்காரி. கொழும்பில் ஒரு பணக்காரத் தமிழ் வீடு, அங்கே மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள். டெலிபோனைத் தலைகீழாகப் பிடித்துப் பேசுவாள். லிஃப்டைக் கண்டால் அலறி ஓடுவாள். பேசுவது எங்கள் பேச்சுத்தான், ஆனால் மூக்கால் பேசி, ஒவ்வொரு சொல்லையும் ரப்பர் மாதிரி இழுப்பாள். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது இருந்தது ஒரே ஒரு டீவி. கார் பேட்டரியில் ஓடும். நாடகம் போடும் நாளில் அந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அவள் தலை தெரிந்தாலே விழுந்து விழுந்து சிரிப்போம். நம்மைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. டீவியில் நம்ம ஆள் ஒன்று வருகிறதே என்று எங்களுக்கு அவ்வளவு பெருமை!

கொஞ்ச நாளைக்கு முன் இணையத்தில் அந்த நாடகம் முழுவதும் கிடைத்தது. புதையல் கிடைத்தவன் மாதிரி தினமும் போட்டுப் பார்த்தேன். என் மனைவிக்கு அலுத்துவிட்டது. "உங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் என் மகனின் கல்யாணப் பேச்சு வந்தது. அவன் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு பெண்ணை விரும்பினான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எங்களுக்குச் சம்மதம். பெண்ணின் தாயாருக்குத்தான் தயக்கம். லயத்தைவிட்டு வந்து நாங்கள் கொஞ்சம் வசதியாகிவிட்டவர்கள், அப்படியொரு வீட்டுக்கு ஒரே மகளை நம்பி அனுப்ப அவருக்குப் பயம். "அவங்க சரின்னு சொன்னாத்தான் எல்லாம் சரிப்பா" என்றான் மகன். முகத்தில் சாப்பாடு, தூக்கம் இல்லாத களைப்பு.

பெண்வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவது எங்கள் வழக்கம். வீட்டைப் பார்ப்பது என்று பெயர்தான், உள்ளே இருக்கிற மனிதர்களைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தாயார் தன் கல்யாணத்துக்கு முன் "கொழும்புல இருந்தவங்க" என்று மகன் ஒரு தடவை சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்லி அதோடு நிறுத்தினால், வீட்டு வேலைக்குப் போயிருந்தார் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மரமண்டையில் அன்றைக்கு ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழையில், தாயும் தகப்பனும் வந்தார்கள். கொண்டுவந்த பையைக் காலடியில் வைத்துவிட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம். பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். வடையும் தேத்தண்ணியும் வந்தன. அப்புறம் பேச ஒன்றுமில்லை. நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும்.

"நம்ம காலத்து நாடகம் ஒண்ணு இருக்குங்க, பாத்துருப்பீங்க" என்று டீவியைப் போட்டேன்.

"ஆமாங்க, எங்க லயத்துலயும் எல்லாரும் கூடிப் பாப்போம்" என்றார் தகப்பனார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. தாயார் குனிந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். மகன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அப்பாவின் கூத்துக்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

வேலைக்காரி தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் காட்சி வந்தது. வீட்டுக்காரி அவளை நிறுத்தி, எதையாவது திருடிக்கொண்டு போகிறாளா என்று பார்க்க, பையை சோபா போட்ட ஹோல் நடுவில் கொட்டச் சொல்கிறாள். பாதி கரைந்த சவர்க்காரக் கட்டி, கை உடைந்த பொம்மை, காய்ந்த பணிஸ் ரொட்டி என்று ஒவ்வொன்றாக விழ விழச் சிரிப்புச் சத்தம். நான் என் பேர்பெற்ற இடம் வந்துவிட்ட குஷியில் எழுந்தேன். தோளில் கிடந்த துவாயைத் தலையில் முக்காடாகப் போட்டேன். கைக்கு எட்டியது அவர்கள் கொண்டுவந்த பை. அதை எடுத்து அப்படியே கவிழ்த்தேன்.

"புள்ளைங்களுக்குத்தாங்கம்மா! வேற ஒண்ணுமில்லீங்கம்மா!" என்று மூக்கால் இழுத்தேன்.

வாழைப்பழச் சீப்பும் வெற்றிலையும் பிஸ்கட் பெட்டியும் தரையில் சிதறின. டீவி சிரித்தது. தகப்பனார் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். தாயார் சட்டென்று தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தார். நான் அப்போதும் சிரித்துக்கொண்டே, "விடுங்க தங்கச்சி, நா எடுக்குறேன்" என்றேன். மகன் டீவியை அணைத்தான்.

"நா இருந்த வீட்டுலயும் இதப் போடுவாங்கண்ணே" என்றார் தாயார், தரையில் இருந்தபடியே. "நா குசினியில சமைச்சிக்கிட்டு நிப்பேன். ஹோலுக்கு வரக்கூடாது. சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். ஐயா, அம்மா, புள்ளைங்க எல்லாம் அப்புடிச் சிரிப்பாங்க. என்னத்துக்கு இப்புடிச் சிரிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது. இன்னைக்குத்தாங்க பாத்தேன்."

குரலில் கோபம் இல்லை. பஸ் தாமதமானதைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத் துவாயைத் தலையிலிருந்து எடுக்கக்கூடக் கை வரவில்லை. என் மனைவிதான் அதை உருவிப் போட்டுவிட்டு, அவரைக் கைபிடித்துத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றேன். "ஐயோ, நா ஒண்ணும் தப்பா நெனைக்கலண்ணே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஊரெல்லாம் கைதட்டி வளர்த்த ஒரு வித்தையை நினைத்து அன்றைக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

புறப்படும்போது தாயார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் மனைவியிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"எம் மக இங்க வந்தா ஹோல்லதானேண்ணே ஒக்காருவா?"

இதென்ன கேள்வி, ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நாங்க தனியா வீடு பாத்துக்குறோம் அத்த."

அந்தத் தாயார் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.