தங்கையின் செவலை

செவலைக் குட்டி பிறந்தபோது அதன் முன்னங்கால்களைப் பிடித்து இழுத்தவள் நான். என் தங்கை அப்போது கோயமுத்தூரில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அது அவளுடைய குதிரை.

எங்கள் பண்ணை பெருந்துறைக்குத் தெற்கே இருக்கிறது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. சுற்றிலும் எல்லோரும் மாடும் செம்மறியும் வளர்க்க, அப்பா மட்டும் பந்தயக் குதிரை வளர்த்தார். இளவயதில் ஊட்டியில் ஒரு பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு வேறு எதையும் முழு மனதோடு பார்க்கவில்லை என்று அம்மா சொல்வாள். கடைசிக் காலத்தில் அவரிடம் இரண்டு பெட்டைக் குதிரைகள்தான் மிச்சம். அவருக்கு முழங்கால் போனதும் நான் பார்த்துக்கொண்டேன். என்னைக் கட்டிக்கொடுத்தது பக்கத்து ஊரில்தான். என் கணவருக்கு மஞ்சளும் தென்னையும் போதும். நான் தினமும் காலையில் ஸ்கூட்டரில் பண்ணைக்குப் போய், குதிரைமசால் அறுத்துப் போட்டு, லாயத்தைக் கூட்டி, வெயில் ஏறும்போது திரும்புவேன்.

தங்கையை நல்ல இடத்தில் கொடுத்தோம். பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் மாமனாருக்கு மோட்டார் பம்ப் பாகங்கள் செய்கிற பட்டறை. நோம்பிக்கு வருவாள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குதிரைகளைப் பார்ப்பாள், செருப்பில் சாணி படாமல் காருக்குத் திரும்புவாள்.

அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆன வருடம் குதிரைகளைப் பிரித்துக் கொடுத்துவிட முடிவு செய்தார். இரண்டுமே சினையாக இருந்தன. பெங்களூர்ப் பக்கத்துப் பண்ணைக்கு லாரியில் கூட்டிப்போய்ப் பொலிக்குச் சேர்த்துத் திரும்பக் கூட்டி வந்தது நான்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த சின்னக் குதிரைக்கு எந்தப் பொலிக்குதிரை என்று தேர்ந்தெடுத்ததும் நான். அங்கே இளசாக, பளபளப்பாக ஒன்று இருந்தது, எல்லோரும் அதையே கேட்டார்கள். நான் வயதான ஒன்றைக் கேட்டேன். அதன் பிள்ளைகள் தூரம் தாங்கி ஓடுவார்கள். சுட்டிக்காரியின் வம்சத்தில் வேகம் இருந்தது, தம் இல்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று பல ராத்திரி கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சின்னவ மொதல்ல எடுக்கட்டும். மூத்தவளுக்கு எதக் குடுத்தாலும் வளர்த்திக்கத் தெரியும்.”

அவர் என்னைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தங்கை பெரிய குதிரையைத்தான் எடுப்பாள் என்று நான் தைரியமாக இருந்தேன். அது உயரம், கறுப்புக் கலந்த பழுப்பு, பார்த்தால் ராணி மாதிரி இருக்கும். அவளோ மற்றதைக் காட்டினாள்.

“எனக்கு அந்தச் சுட்டி வெச்சதுங்கப்பா. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்குது.”

அவ்வளவுதான். பாவமாக இருக்கிறதாம். நான் சிரித்த முகத்தோடு எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட்டேன்.

அவளுக்கு நிலம் இல்லாததால் சுட்டிக்காரி என்னிடமே இருந்தது. “உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க்கா, நீங்க பாத்துக்கறாப்புல யாரு பாப்பாங்க” என்றாள். அடுத்த மாசியில் ஒரு விடியற்காலை, பால்காரர் வண்டி வந்து நின்ற நேரத்தில், அந்தக் குட்டி பிறந்தது. ஆண் குட்டி, நல்ல செவலை நிறம், அம்மாவின் சுட்டியும் இருந்தது. வெளியே வர ஒரு தோள் மாட்டிக்கொண்டது. நானும் பால்காரரும் சேர்ந்து இழுத்தோம். ஈரத்தோடு என் மடியில் தலை வைத்துக் கிடந்தது. அதற்கு முதலில் தெரிந்த முகம் என்னுடையதாகத்தான் இருக்கும். தங்கைக்குப் போன் செய்தேன். “அப்படீங்களா” என்றாள், “போட்டோ அனுப்புங்க்கா.”

சில வாரங்களில் என் குதிரையும் ஈன்றது. பழுப்புக் குட்டி. எலும்பும் உயரமுமாக அவ்வளவு அழகு. பண்ணைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்த்தார்கள். லாடம் அடிக்கக் கோட்டைமேட்டிலிருந்து வருகிற பாய்கூட அதன் கழுத்தைத் தடவி, “அம்மணி, இது சீமைக்குப் போக வேண்டியதுங்க” என்றார். இரண்டு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன். தங்கை போனில் பேசினால் நல்ல வார்த்தையாகப் பேசினேன். பொறாமை இல்லாத மனுஷி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

குட்டிகள் இரண்டையும் ஒரே லாரியில் பெங்களூர் ட்ரெய்னரிடம் அனுப்பினோம். செவலை முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தான். கேட் திறந்ததும் எல்லோரும் ஓட, இவன் நின்று வேடிக்கை பார்த்தானாம். தங்கை அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன், அதைச் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு ஊட்டி. என் பழுப்பும் அன்றைக்கு ஓடுவதால் நானும் போயிருந்தேன். பழுப்பு நாலாவதாக வந்தது. அதன் ஆயுளில் அதுதான் உச்சம் என்று அப்போது தெரியவில்லை. அடுத்த பந்தயம் செவலையுடையது. தூறல், புல்லெல்லாம் ஈரம், எதிர்ப்பக்கம் பனியில் எதுவும் தெரியவில்லை. கடைசி வளைவில் குதிரைகள் வெளியே வந்தபோது செவலை எல்லோருக்கும் பின்னால். ஜாக்கி அவனை வெளிப்பக்கமாக இழுத்தான். மற்ற குதிரைகள் ஓடி முடிக்கிற தவிப்பில் இருந்தன, இவன் அப்போதுதான் ஓடவே ஆரம்பித்தான். ஒவ்வொன்றாகத் தாண்டினான். நான் கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தொண்டை மட்டும் வலித்தது. நான் போட்ட கணக்கு என் கண் முன்னால் புல்லில் ஓடி வந்துகொண்டிருந்தது. கோட்டைத் தாண்டி அவன் ஜெயித்தான். பக்கத்தில் யார் யாரோ தங்கையைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். தூக்கியிருந்த என் கைகளை இறக்கிவிட்டேன்.

ஜெயித்த குதிரையை உரிமையாளர்தான் கடிவாளம் பிடித்துக் கூட்டிவர வேண்டும். தங்கை பச்சைப் பட்டுப்புடவையில், கொஞ்சம் பயந்துகொண்டே பிடித்து வந்தாள். செவலை காதைப் பின்னால் மடித்துக்கொண்டான். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு கனைப்புக் கனைத்தான். அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது நான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் செவலையின் வருடங்கள். பெங்களூர், சென்னை, மறுபடியும் ஊட்டி. ஆயிரத்து அறுநூறு மீட்டரிலும் ஜெயித்தான், இரண்டாயிரத்து நானூறிலும் ஜெயித்தான். எப்போதும் அதே மாதிரிதான்: கடைசியில் கிடந்து, வெளிப்பக்கம் வந்து, எல்லோரையும் தாண்டி. ஒவ்வொரு முறையும் போன் வரும். “அக்கா, ஜெயிச்சுப்போட்டானுங்க.” ஒவ்வொரு முறையும், “சந்தோஷம் கண்ணு” என்பேன். வைத்துவிட்டு லாயத்தில் போய்ச் சாணி அள்ளுவேன், தரையைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்ப்பேன். ஒரு பேட்டியில் அவள், “தாயைப் பாத்ததுமே எனக்குள்ள ஏதோ தோணுச்சு” என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேப்பரை விரித்து அதில் மீன் ஆய்ந்தேன். என் பழுப்பு அதற்குள் கோயமுத்தூரில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளிக்குப் போய், குழந்தைகளைச் சுமந்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து வயதில் செவலைக்கு முன்னங்கால் தசைநார் பிய்ந்துபோனது. இனி ஓட முடியாது, பொலிக்கு நிறுத்தலாம் என்றார் ட்ரெய்னர். எங்கே நிறுத்துவது? என்னிடம்தான். லாரியிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கி, என் தோளில் தாடையை வைத்தான். அந்த நிமிஷம் அவன் என்னுடையவன். கால் கொஞ்சம் ஆறியதுமே பெங்களூர், புனேவிலிருந்தெல்லாம் பெட்டைக் குதிரைகள் வந்தன. வந்தவர்கள் வாசலில் இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: “மேடம் இல்லீங்களா?” மேடம் என்றால் தங்கை. நான் கேட்டைத் திறந்துவிடுகிறவள்.

குதிரைப் பொலியில் பலன் தெரியப் பொறுமை வேண்டும். பதினோரு மாதம் வயிற்றில், பிறகு வளர்ந்து ஓட இரண்டு மூன்று வருடம். செவலையின் முதல் பிள்ளைகள் ஓட வந்தபோது எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. ஆண் குட்டிகள் அவனைப் போலவே அழகு, அவனைப் போலவே கேட்டில் நின்றன. பிறகு பின்னால் கிடந்தன, பின்னாலேயே கிடந்தன. இரண்டாம் வருடமும் அப்படியே. தங்கை போனில், “என்னங்க்கா இப்படி ஆயிப்போச்சு” என்று குரல் இறங்கிக் கேட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நெய் தாராளமாக ஊற்றிக் கேசரி கிளறினேன். கணவர் தட்டை வாங்கிக்கொண்டு, “என்ன விசேஷம்?” என்றார்.

“ரவையில வண்டு வர்றாப்புல இருந்துச்சுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெட்டைகள் வருவது குறைந்து, ஒரு வருடம் அடியோடு நின்றது. தங்கை தன் வீட்டுக்காரரோடு பண்ணைக்கு வந்தாள். வடக்கே ஒரு பண்ணையில் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம் என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தலை லேசானது. இனி அவன் பேரில் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது லாரி ஏறிப் போய்விடும். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அவன் எங்கயும் போக மாட்டான். இந்தக் காட்டுலயே இருக்கட்டும்.”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குத்தானுங்க்கா சிரமம்.”

“எனக்கு அது பழகிப்போச்சு.”

அந்த வருடம் என்னுடைய பெட்டை ஒன்றை, அந்தப் பழுப்பின் கூடப்பிறந்தவளை, செவலையோடு சேர்த்தேன். ட்ரெய்னர் போனில் சிரித்தார். ஆனால் பொலிக்கு வந்த பெட்டைகள் பலவும் எங்கள் காட்டிலேயே தங்கி ஈன்றுவிட்டுப் போயின, அந்தப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். ஆண்கள்தான் சோம்பேறிகள். பெண் குட்டிகள் மேய்ச்சலில் ஓடும்போது கவனித்திருக்கிறேன், கடைசியாகக் கிளம்பி முதலில் வேலியைத் தொடும். அவற்றைப் பெரிய பந்தயங்களில் யாரும் ஓடவிடவில்லை. எனக்குப் பிறந்ததும் பெண் குட்டிதான். பழுப்பு நிறம், நெற்றி வெறுமை, காலில் மட்டும் வெள்ளை.

மூன்று வயதில் பெங்களூரில் பெட்டைகளுக்கான ஒரு பெரிய பந்தயத்தில் அவள் ஓடினாள். தங்கையும் வந்திருந்தாள். கடைசி வளைவில் என் குட்டி பின்னால் இருந்து வெளிப்பக்கம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தங்கை என் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை கடிவாளம் என் கையில். என் குட்டி காதை மடிக்கவில்லை, என் முந்தானையைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் பேப்பரில், தங்கையின் பெயரைப் போட்டு, அவளுடைய புகழ்பெற்ற செவலையின் மகள் ஜெயித்தாள் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. என் பெயர் கீழே, மூன்றாவது பத்தியில். ஊருக்குத் திரும்பும்போது காரில் அதைப் படித்து முடித்துவிட்டு மடித்தேன். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

“ஏங் கண்ணு?”

“எரியுதுங்க்கா.”

“என்னது?”

“வயிறுதான். வேறென்ன. அவன் பொறந்த நாள்ல இருந்து உங்களத்தான் பாக்கறான். எத்தன கப்பு வாங்குனான். ஒருக்காவாச்சும் என்னையப் பாத்துக் கனைச்சிருக்கானா? இப்ப அவன் புள்ளையும் உங்க பின்னாலயே வருது. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குது.”

அவளைச் சமாதானம் செய்திருக்க வேண்டும். எனக்கோ குளிர்ந்த மோர் குடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் நான் ஒருத்தியே எரிந்துகொண்டிருந்ததாக நினைத்திருக்கிறேன். சேலம் தாண்டும்வரை அந்த மோரின் ருசியிலேயே இருந்தேன். பிறகு அவள் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவளும் சாய்ந்துகொண்டாள்.

அதன்பின் செவலையின் மகள்களை எல்லோரும் தேடினார்கள். இன்றைக்குத் தெற்கே பல பண்ணைகளில் தாய்க்குதிரைகளாக நிற்பது அவன் மகள்கள்தான். அவற்றின் பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள். மகன்கள் வழியில் அவன் பேர் நிற்கவில்லை, மகள்கள் வழியில் நிற்கிறது.

இப்போது அவனுக்கு வயதாகிவிட்டது. பொலிக்கு விடுவதில்லை, முதுகு குழிந்து, கண்ணோரம் நரைத்திருக்கிறது. தங்கையின் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். அவள் மாதத்தில் பாதி நாள் பண்ணையிலேயே இருக்கிறாள். ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். ஒருநாள் காலையில் நான் வரும்போது அவள் வேலியோரம் கையில் வெல்லக்கட்டியோடு நின்றிருந்தாள். செவலை அவளை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தான். என் ஸ்கூட்டர் சத்தத்துக்கு ஒரு காதைத் திருப்பினான், கழுத்தைத் திருப்பவில்லை. வெல்லத்தை வாங்கிக்கொண்டு, மூக்கை அவள் தோளில் வைத்து, மெல்லக் கனைத்தான்.

தங்கை என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், முகமெல்லாம் சிரித்தாள்.

“வெல்லம் அவனுக்கு ஆகாது” என்றேன். “வயித்து வலி வந்துரும்.”

“துளியூண்டுதானுங்க்கா குடுத்தேன்.”

நான் லாயத்துக்குள் போய்த் துடைப்பத்தை எடுத்தேன்.