வாழைப்பழத்தோடு போன ஆராய்ச்சி

சிறுபிள்ளைகளின் மனநலத்தை ஆராய வந்த ஒரு குழுவை, மாப்பிள்ளை வீட்டாராக ஆக்கி ஊருக்குள் கூட்டிப்போன ஆள் நான்தான். தெரிந்து செய்யவில்லை. தெரிந்து செய்திருந்தால் தந்திரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் டொக்டரும் அவருடைய உதவியாளர்களும் கல்முனைக்கு வந்திருந்தார்கள். பேச்சு வராத பிள்ளை, முகம் பார்க்காத பிள்ளை, ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை, எழுத்து ஏறாத பிள்ளை என்று இந்தக் கரையோரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவர்கள் வேலை. எங்கெங்கோ உள்ள பிள்ளைகளைப் பற்றி அலுமாரி நிறைய ஆராய்ச்சி இருக்கிறதாம். எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லையாம்.

"கணக்கு இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரைக்கூடக் கேட்டு வாங்க ஏலாது சேர்" என்றார் டொக்டர்.

கணக்கில் அகப்படும் பிள்ளைகளை மாதக் கடைசியில் கொழும்பு நிபுணர் ஒருவர் வந்து ஒரேயொரு நாள் இருந்து பார்ப்பார் என்றும் சொன்னார். அவர் மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அவர்களுக்கு ஊர் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். நான் பிரதேச செயலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவன்; மிஞ்சிய நேரத்தில் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுபவன். குழந்தை மனம் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் படித்திருந்தேன். எனக்குப் பிள்ளைகள் நாலு பேர், அவர்களைப் படித்ததில்லை. "இந்த ஊரில எனக்குத் தெரியாத வீடு இல்ல டொக்டர்" என்று சொல்லி வேலையை ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றதோடு நின்றிருக்கலாம். ஆலோசனையும் சொன்னேன்.

"இந்த அட்டையக் கழுத்தில தொங்கப் போட்டுட்டுப் போனா, கரண்ட் வெட்ட வந்திரிக்காங்கண்டு கதவைச் சாத்திருவாங்க. பின்னேரம் அஸர் தொழுதுட்டுப் போவம். தலைக்குச் சால்வை போட்டுக்கங்க. வெறுங்கையோட போறது எங்கட ஊரில மரியாதையில்ல."

ஆகவே வெள்ளைச் சாரனும் தொப்பியும் அத்தருமாக நான் முன்னே போனேன். சால்வை போட்ட டொக்டர் பின்னே வந்தார். அவருக்குப் பின்னே ஓர் உதவியாளர், கையில் வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் பெட்டியும். கதிரையில் அமர்ந்ததும், "பிள்ளையளப் பத்தி விசாரிக்க வந்தம்" என்று நான் தொடங்கிவைப்பேன்; டொக்டர் கேட்பார்: எத்தனை பிள்ளைகள், என்னென்ன வயது, தாயும் தகப்பனும் சொந்தத்துக்குள் முடித்தவர்களா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, புத்திக் குறைவு, மனநோய் இருக்கிறதா?

எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார். அதனால் மாப்பிள்ளை பகுதியார் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு குடும்பத்தை விசாரிப்பார்கள், நேரமிருந்தால் பெண்ணையும் பார்ப்பார்கள். அவர்கள் வரும் நேரம் அஸருக்குப் பிறகு. கொண்டு வருவது பழமும் பிஸ்கட்டும். கேட்பது மேலே உள்ள கேள்விகளை, அதே வரிசையில். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் இரண்டு மகள்களுக்கும் இப்படித்தான் நடந்தது. ஆனால் ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் அதுவரை தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. அதற்கும் ஏதாவது பெயர் இருக்கலாம்.

எல்லா வீட்டிலும் தேத்தண்ணி வந்தது, இனிப்பு வந்தது. நோயுள்ள பிள்ளை மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை. டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். நான் விளக்கம் கொடுத்தேன்: "எங்கட ஆக்கள் மீன் நல்லாத் தின்னுறவங்க."

என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு மீன் வியாபாரியின் வீடு. மூத்த மகளுக்காக மேல்மாடி எழும்பிக்கொண்டிருந்தது, இன்னும் சாந்து பூசவில்லை. அவர் லொறியோடு போயிருந்தார். அவருடைய மனைவி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். திரைக்குப் பின்னால் மூத்தவளின் வளையல் கேட்டது.

"எத்தின பிள்ளையள்?" என்றார் டொக்டர்.

"ரெண்டு. மூத்தவவும் ஒரு மகனும்."

அப்போது குசினிப் பக்கமிருந்து ஒரு சத்தம். சட்டி மூடி ஒன்று சீமெந்துத் தரையில் சுற்றுகிற சத்தம். சுற்றி, தளர்ந்து, விழப்போகிற தறுவாயில் மறுபடி சுற்றியது. மறுபடியும். மறுபடியும். ஒரே தாளத்தில்.

"பூன" என்றாள் அவள்.

டொக்டர் குசினிக் கதவைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். நான் வட்டிலப்பத்தைப் பார்த்தேன். 'இரண்டு' என்று எழுதப்பட்டது.

வாகனத்தில் ஏறியதும் டொக்டர் சொன்னார்: "அது பூனை இல்ல சேர். ஆனா தாயோ தகப்பனோ சொல்லாததை நான் எழுத ஏலாது."

வீட்டுக்கு வந்து, மூடியையும் பூனையையும் சொல்லி மனைவியிடம் கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"அவவுக்கு மூணாவதா ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி. ஆறு வயசு. கதைக்காது. அந்த வீட்டில மட்டுமா? நீங்க போன ஒழுங்கை எல்லாத்திலயும் ஒண்டு ரெண்டு இரிக்கி."

"ஏன் முதலே சொல்லல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? உங்களுக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே. நீங்க மாப்புள்ள பேசித் திரியிறீங்கண்டு ஊரே கதைக்கிது. ஆருக்குண்டு எனக்கிட்டயும் ரெண்டு பேர் கேட்டாங்க."

அடுத்த நாள் பழைய சாரனோடு, வெறுங்கையாக, தனியே போனேன்.

"மத்தவங்க வரல்லையா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் அவள். "அந்தச் சால்வை போட்டவ மாப்புள்ளட கூடப்பொறந்த ராத்தாதானே?"

"அவ டொக்டர், தங்கச்சி. சின்னப் புள்ளைகளைப் பார்க்கிற டொக்டர்."

அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அல்லாஹ்! நாங்க வட்டிலப்பமெல்லாம் அவிச்சமே."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்க் குசினிக் கதவைத் திறந்தாள். சின்னவள் தரையில் குந்தியிருந்தாள். மூடி விழுமுன் ஒரு விரலால் தட்டிச் சுற்றிவிட்டாள். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. நான் படித்த தடித்த புத்தகங்களில் அவளைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு சொல் பேச முடியவில்லை.

"நாலு வயசில கதைப்பாண்டாங்க. மறுகா அஞ்சிலண்டாங்க. ஓதித் தண்ணி குடுத்தம். பள்ளிக்கூடத்தில சேத்தம், வெச்சிருக்க ஏலாண்டு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள் தாய். "சொகமாகுமாண்டு நான் கேக்கல்ல காக்கா. இவவுக்கு என்னண்டு ஆராவது ஒருத்தர் சொன்னாப் போதும். என்னண்டு தெரியாம எப்படி காக்கா ஒரு புள்ளய வளக்கிற?"

அங்கேயே நின்று டொக்டருக்குத் தொலைபேசினேன். மாப்பிள்ளை வீட்டார் கதையையும் சொன்னேன். சிரித்தார்; சட்டென்று நிறுத்திவிட்டார். போன வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போக அவரிடம் நாளும் இல்லை, வாகனமும் இல்லை. "இந்தப் பிள்ளையைத் தாய் கிளினிக்குக்குக் கொண்டுவரட்டும். நிபுணர் பார்ப்பார். அங்க தாயிட்டக் கேட்டுப் பெயரையும் நானே எழுதுறன்" என்றார்.

"வீட்டுக்காரருக்குத் தெரியப்படா" என்றாள் அவள். பின்வேலியடிக்கு ஓட்டோ கொண்டுவருவதாக ஏற்பாடு.

கிளினிக் நாளன்று ஓட்டோவோடு போய் நின்றேன். முன்வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்பு அபாயா உடுத்த பெண்கள் இறங்கினார்கள். கையில் வாழைப்பழச் சீப்பு. அசல் மாப்பிள்ளை வீட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பின்வேலிக்கு வந்தாள். உடுத்தியிருந்தது புதுச் சாரி. கிளினிக்குக்காக உடுத்ததா, வந்தவர்களுக்காக உடுத்ததா என்று கேட்கவில்லை. குசினிக்குள் மூடிச் சத்தம் இல்லை. மூடியைப் பறித்து வைத்திருப்பார்கள்.

"சொல்லாமக் கொள்ளாம வந்திட்டாங்க காக்கா. இவரும் வீட்டில. கொழும்பு டொக்டர் நாளைக்கும் இரிப்பாரா?"

"பார்ப்பம்" என்றேன். 'இல்லை' என்பதற்கு எங்கள் ஊரில் உள்ள மரியாதையான சொல் அது. அவளும் எங்கள் ஊர்க்காரிதான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். ஓட்டோக்காரர் இன்னும் காத்திருக்கவா என்று கேட்டார்.

கலியாணம் பேசி முடிந்தது. வாழ வருகிற மாப்பிள்ளை அந்த வீட்டில்தானே இருப்பார்? குசினிக் கதவு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதற்கும் வழி கண்டார்கள். மேல்மாடிக்குச் சாந்து பூசி முடிந்த கையோடு, சின்னவளைப் பொத்துவிலில் உள்ள சாச்சி, தாயின் தங்கை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடல் காற்று பிள்ளைக்கு நல்லது என்று பள்ளிவாசல் முன்றலில் வைத்துத் தகப்பன் என்னிடம் சொன்னார். அவர் சொல்லும்போதே எங்கள் ஊர்க் கடல் காற்று இரண்டு பேரின் சாரனையும் அடித்துக்கொண்டிருந்தது.

டொக்டரிடம் சொன்னேன்.

"பொத்துவில் பக்கம் நாங்க முதலே முடிச்சிட்டம் சேர்" என்றார்.

கல்முனையில் கேட்டபோது அவள் இல்லை. பொத்துவிலில் கேட்டபோது அவள் அங்கே போயிருக்கவில்லை.

ஆய்வு முடிவைச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் பகுதியில் இத்தகைய பிள்ளைகள் குறைவாகவே பதிவாகியிருக்கிறார்கள், ஆனால் வீட்டார் சொல்லாமல் விட்டவர்கள் இருக்கக்கூடும் என்று டொக்டர் நிதானமாகச் சொன்னார். தலைமை வகித்தவர் 'ஆனால்' வரைக்கும் கேட்டுவிட்டுக் கைதட்டினார். சபையும் தட்டியது. பேச்சுப் பயிற்சியாளரைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஊரை வழிநடத்திக் காட்டியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைக் கொடுத்தேன். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எங்கள் பக்கம் அப்படியான பிள்ளைகள் குறைவாம் என்றேன்.

அவள் பொன்னாடையை உதறி மடித்தாள்.

"அப்ப அண்டைக்கு மூடியச் சுத்தினது பூனதானாக்கும்" என்றாள்.